ஒரு மொனிட்டர், இரண்டு கொம்பியூட்டர்: மாத்தும்போதெல்லாம் படம் ஒரு பக்கம் நகருது

எழுத்துக்கோப்பு (வெள்ளவத்தை)

வணக்கம். நான் வீட்டில இருந்து புத்தகங்களுக்கு டைப்செட் செய்து குடுக்கிறனான். மேசையில இரண்டு கொம்பியூட்டர் இருக்கு. பழசில விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7.0, பாமினி எழுத்துரு. பேஜ்மேக்கருக்கு 2001க்குப் பிறகு புதுப் பதிப்பே வரேல்லை, யுனிகோட்டும் அதுக்குத் தெரியாது. ஆனால் முந்தி நான் செய்த நூல்களின்ர மூலக் கோப்பெல்லாம் அதிலதான் திறபடும். யாராவது இரண்டாம் பதிப்பு எண்டு வந்தால் அந்தப் பெட்டியைத்தான் எழுப்பவேணும். புதுசு ஒரு சின்ன மினி பிசி, விண்டோஸ் 10, யுனிகோட் வேலைக்கு.

மொனிட்டர் ஒண்டுதான். 19 அங்குலம், 1280 × 1024, அகலத்திரை இல்லாத பழைய சதுர வகை. ஒரு ஏ4 பக்கம் அதில நிமிர்ந்து நிக்கும், அதால மாத்த மனமில்லை. ஃபிளாட்டும் சின்னன், இன்னொண்டு வைக்க இடமில்லை.

இரண்டு பெட்டியையும் ஒரு பழைய விஜிஏ (15 ஊசிப் பழைய வகைப் பிளக்) கேவிஎம் சுவிட்சில, அதாவது ஒரே மொனிட்டர், கீபோர்ட், மௌசை இரண்டு கொம்பியூட்டருக்கும் மாத்திக் குடுக்கிற சுவிட்சில குத்தி, அதில இருந்து மொனிட்டருக்கு ஒரு கேபிள் எடுத்திருக்கிறன். மினி பிசியில விஜிஏ இல்லை, அதால இடையில ஒரு எச்டிஎம்ஐ - விஜிஏ கொன்வேர்ட்டர்.

இப்ப பிரச்சினை இதுதான். புதுசில படம் நேரா நிக்கும். சுவிட்சை அமத்திப் பழசுக்குப் போனால் படம் இடப்பக்கம் ஒரு சுண்டுவிரல் அகலம் நகர்ந்து வெட்டுப்படுது, எழுத்தும் மங்கல். மொனிட்டரில 'ஓட்டோ' பொத்தானை அமத்தினால் சரியாகும். திரும்பப் புதுசுக்கு வந்தால் அது வலப்பக்கம் நகர்ந்து நிக்குது. ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தரம் மாத்துறன், ஒவ்வொரு முறையும் ஓட்டோ அமத்தவேண்டிக் கிடக்கு. இடைக்கிடை மினி பிசியை ரீஸ்டார்ட் செய்தால் 1024 × 768 இல வந்து நிக்குது, அது வேற.

நகர்றதைக் கூடப் பொறுக்கலாம். மங்கல்தான் என்னை வருத்துது. புரூஃப் பார்க்கேக்க மெய்யெழுத்துப் புள்ளி தெரியேல்லை. போன மாதம் ஒரு கவிதை நூலில 'க'வும் 'க்'கும் மாறி இரண்டு இடத்தில அச்சாகிப் போச்சு. எழுதினவர் ஒண்டும் சொல்லேல்லை, ஆனால் எனக்கு நித்திரை வரேல்லை.

---

கொட்டாஞ்சேனை வாசகன்

மொனிட்டர் பழசாகிட்டுது அக்கா. இனி அதுக்குப் பின்னால அலையாமல் புதுசு ஒண்டு எடுங்கோ.

---

எழுத்துக்கோப்பு

தம்பி, ஒரு பெட்டியை மட்டும் நேரா குத்தினால் படம் கண்ணாடி மாதிரி இருக்கு. அப்ப மொனிட்டர் பழுதெண்டு எப்பிடிச் சொல்லுறது? 2022இல டொலர் 200இல இருந்து 360க்கு ஏறினதுக்குப் பிறகு, ஓடுற சாமானைத் தூக்கிப்போட எனக்கு மனம் வாறதில்லை.

---

மருதானைப் பட்டறை

தங்கச்சி, புதுசு வாங்க அவசரப்பட வேணாம். முதல்ல மூணு விசயம் பாருங்க.

வெள்ளவத்தைல கடலுக்குக் கிட்ட ஈக்கிற வீடா? அந்தப் பக்கத்தால எனக்கு வாற பெட்டிகள்ல பாதிக்கு நோய் உப்புக் காத்துதான். விஜிஏ பிளக்க கழட்டி ஊசிகளப் பாருங்க. பச்சையா, மங்கலா ஈந்தா கொண்டெக்ட் கிளீனர் அடிச்சி, காய விட்டு, திருப்பிக் குத்துங்க. ரெண்டு பக்க ஸ்க்ரூவையும் இறுக்கோணும். சும்மா தொங்க விட்டா ஒரு பக்கம் தூக்கிக்கும்.

அடுத்தது, அந்த 15 ஊசில ஏதாச்சும் வளைஞ்சி ஈக்கா எண்டு பாருங்க. ஒம்பதாவது ஊசி இல்லாத கேபிளும் ஈக்கி, அத உடைஞ்சதெண்டு நினைக்க வேணாம். 12ம் 15ம் முக்கியம். மொனிட்டர் தன்ட விவரத்த கொம்பியூட்டருக்குச் சொல்ற வயர் அதுகள்தான். மலிவான கேபிள்ல அந்த வயரே போட்டிருக்க மாட்டாங்க.

மூணாவது, ஓட்டோ அமத்துறப்ப திரைல என்ன ஈந்திச்சி? கறுப்பு வோல்பேப்பர் போட்டிட்டு அமத்தினா மொனிட்டருக்குப் படத்துட ஓரம் எங்க எண்டு தெரியாது. வெள்ளைப் பக்கம் ஒண்ட முழுத் திரைக்கும் விரிச்சி வச்சிட்டு அமத்துங்க.

---

எழுத்துக்கோப்பு

நானா, நன்றி. ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதுக்கங்கால கடல். பிளக்கைக் கழட்டிப் பாத்தன், நீங்கள் சொன்ன மாதிரியே பச்சை பிடிச்சுக் கிடந்தது. துடைச்சுப் போட்டன். ஒரு இளஞ்சிவப்புச் சாயல் இருந்தது, அது போட்டுது. அது கேபிளால எண்டு நான் நினைக்கவே இல்லை.

வெள்ளைப் பக்கம் வைச்சு ஓட்டோ அமத்தினால் ஒரே அமத்தில சரியா நிக்குது. ஆனால் மாத்தினால் நகர்றது அப்பிடியேதான் இருக்கு.

---

மலையருவி (கிராண்ட்பாஸ்)

அக்கா, ரெண்டையும் ஒரே ரவுட்டர்ல இணைச்சிட்டு, புது மெசின்ல இருந்து ரிமோட் டெஸ்க்டொப் வழியா பழச தொறந்தா என்ன? சுவிட்சே தேவையில்லீங்க. எக்ஸ்பி புரொஃபெஷனலா இருந்தா அதுலயே இருக்கு, ஹோம்னா இல்ல.

---

தெகிவளைத் தென்றல்

வேண்டாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8ஆம் திகதியோடு நின்றுவிட்டன. இத்தனை வருட மூலக் கோப்புகள் இருக்கும் பெட்டியை ரவுட்டரில் இணைப்பதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அது வலையமைப்பில் இல்லாமல் தனியாகவே இருக்கட்டும். கோப்புகளைப் பென் டிரைவில் கொண்டுபோகலாம், அதையும் புதிய கணினியில் ஸ்கேன் செய்துவிட்டுத்தான்.

---

நேர்கோடு

உங்கள் மொனிட்டர் பழுதில்லை, கணினிகளும் பழுதில்லை. இரண்டு கணினிகள் ஒரே அளவுப் படத்தை வேறு வேறு நேரக்கணக்கில் அனுப்புகின்றன. மொனிட்டர் இரண்டையும் ஒன்றென எண்ணுகிறது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்கினால் மிச்சத்தை நீங்களே செய்துகொள்வீர்கள்.

விஜிஏ 1987இல் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளோடு வந்தது. அன்றைக்கு இருந்தது படக்குழாய்த் திரை. அதற்குப் பிக்சல் என்று ஒன்று தெரியாது. வருகிற மின்னழுத்தத்துக்கு ஏற்ப ஒளியைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு இடமிருந்து வலமாக ஓடும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் கணினி ஒரு துடிப்பு அனுப்பும். துடிப்புக்குப் பின் சிறிது வெற்று நேரம். அதன் பிறகே படம். அந்த வெற்று நேரம் எவ்வளவு என்பதைக் கேபிளில் யாரும் சொல்வதில்லை. உங்கள் எல்சிடி மொனிட்டர் அதை ஊகிக்கிறது. ஓட்டோ பொத்தான் செய்கிற வேலை அந்த ஊகம்தான்: படம் எங்கே தொடங்குகிறது, ஒரு வரியை எத்தனை துண்டாக வெட்டவேண்டும், ஒவ்வொரு துண்டின் எந்த இடத்தில் அளவெடுக்கவேண்டும் என்று கண்டுபிடித்து, அந்த மோட்டுக்கு (படத்தின் அளவும் வேகமும் சேர்ந்த ஒரு வகைக்கு) உரியதாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

மோட் எது என்பதை அது எப்படி அறிகிறது? வினாடிக்கு எத்தனை வரி, எத்தனை படம் என்று எண்ணித்தான். சில மொனிட்டர்கள் துடிப்பின் முனைவையும் (மின்னழுத்தம் மேலே எழுகிறதா கீழே இறங்குகிறதா என்பதையும்) பார்க்கும், சில பார்ப்பதில்லை. இரண்டு கணினிகளின் எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே நினைவிடம். ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றதன் கணக்கு அழிந்துபோகும். நீங்கள் நாள் முழுக்கச் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

இதை உறுதிப்படுத்த இரண்டு தகவல் வேண்டும். மொனிட்டரின் மெனுவில் 'இன்ஃபர்மேஷன்' பகுதியைத் திறந்து, ஒவ்வொரு கணினிக்கும் எத்தனை கிலோஹெர்ட்ஸ் காட்டுகிறது என்று எழுதுங்கள். பிறகு புதுக் கணினிக்கு ஓட்டோ அமத்திவிட்டு, பழசுக்கு மாறி, ஓட்டோ அமத்தாமல் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். பெயின்டில் 2 பிக்சல் அகலம், 2 பிக்சல் உயரத்தில் ஒரு சிறு படம்; குறுக்கு மூலைகள் இரண்டும் கறுப்பு, மற்ற இரண்டும் வெள்ளை. அதை பிஎம்பியாகச் சேமித்து 'டைல்' முறையில் வோல்பேப்பராகப் போடுங்கள். திரையில் நெடுக்காகச் சாம்பல் பட்டைகள் தெரியும். எத்தனை என்று எண்ணுங்கள்.

---

கொட்டாஞ்சேனை வாசகன்

குறுக்க கேக்கிறதுக்கு மன்னிக்கவேணும். எனக்கும் படம் வெட்டுப்படுற பிரச்சினைதான், ஆனால் எச்டிஎம்ஐ. லப்டொப்பை டிவியில குத்தினால் நாலு ஓரமும் உள்ள போகுது, டாஸ்க்பார் பாதிதான் தெரியுது. அதுவும் இதாலயா?

---

நேர்கோடு

இல்லை, அது ஓவர்ஸ்கேன். படக்குழாய் டிவிகளில் ஓரம் ஒழுங்காக இருக்காது என்பதால் படத்தைச் சற்றுப் பெருப்பித்து ஓரத்தை மறைப்பது வழக்கம். அந்தப் பழக்கம் இன்றைய டிவிகளிலும் தங்கிவிட்டது. ரிமோட்டில் படத்தின் அளவு மாற்றும் இடத்துக்குப் போய் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' அல்லது '1:1' எது இருக்கிறதோ அதை வையுங்கள். சில டிவிகளில் அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு 'பிசி' என்று பெயர் மாற்றினாலே போதும். மாறாக, படம் சுருங்கிச் சுற்றிவரக் கறுப்பு ஓரம் இருந்தால் டிவியை விடுங்கள். கணினியின் டிரைவரில் ஸ்கேலிங் அளவைப் பாருங்கள்.

---

கொட்டாஞ்சேனை வாசகன்

'ஜஸ்ட் ஸ்கேன்' இருந்தது. முழுசாத் தெரியுது. நன்றி சேர்.

---

எழுத்துக்கோப்பு

சேர், எழுதிக்கொண்டு வந்திட்டன். புதுசுக்கு 64.0 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ். பழசுக்கு 63.6 கிலோஹெர்ட்ஸ், 60 ஹெர்ட்ஸ்.

பட்டை எண்ணுறது கஷ்டமா இருந்தது, ஒரு அடிமட்டம் வைச்சு மூண்டு தரம் எண்ணினன். இரண்டு தரம் 18, ஒரு தரம் 17. இடப்பக்கம் நகர்ற தூரம் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல.

---

நேர்கோடு

அடிமட்டம் வைத்து அளந்தீர்களே, மிகவும் நன்றி. இனி ஊகம் வேண்டாம்.

1280 × 1024, 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு மொனிட்டர்த் துறையின் பொது நேரக்கணக்கு ஒன்று உண்டு. அதில் ஒரு வரி, வெற்று நேரத்தையும் சேர்த்து 1688 துண்டு; துடிப்பு முடிந்து படம் தொடங்கும்வரை 248 துண்டு; வரி வேகம் 63.98 கிலோஹெர்ட்ஸ். உங்கள் புதுக் கணினி அனுப்புவது இது. ஜிடிஎஃப் என்ற சூத்திரப்படி கணக்கிட்டால் அதே படத்துக்கு வரி 1712 துண்டு, படத்துக்கு முந்திய வெற்று நேரம் 216 துண்டு, வேகம் 63.6. பழைய கணினி அனுப்புவது அது.

248க்கும் 216க்கும் வித்தியாசம் 32 பிக்சல். 19 அங்குல 1280 × 1024 திரையில் ஒரு பிக்சல் 0.294 மில்லிமீட்டர். பெருக்கினால் 9.4. நீங்கள் அளந்தது அதுதான்.

1712க்கும் 1688க்கும் வித்தியாசம் 24. மொனிட்டர் புதுசின் கணக்கில் பழசை வெட்டும்போது ஒரு வரிக்குள் 24 தடவை அடி தவறுகிறது. அதில் வெற்று நேரத்துக்குள் விழுபவை போகக் கண்ணுக்குத் தெரியவேண்டியது 18. உங்கள் மெய்யெழுத்துப் புள்ளியைத் தின்றவை அந்தப் பதினெட்டுப் பட்டைகள். புள்ளி ஒரு பட்டையின் நடுவில் விழுந்தால் சாம்பலாகிக் கரைந்துபோகும்; பட்டைக்கு வெளியே விழுந்தால் தெளிவாக இருக்கும். ஒரே பக்கத்தில் ஒரு 'க்' தெரிந்து இன்னொன்று தெரியாமல் போயிருக்குமே?

---

எழுத்துக்கோப்பு

ஓம் சேர். அதாலதான் கண்ணில பிழையோ எண்டு நினைச்சு, போன கிழமை கண் டொக்டரிட்டையும் போய்வந்தனான். கண் நல்லா இருக்கு எண்டு சொன்னவர்.

அப்ப பழசு ஏன் அந்தச் சூத்திரக் கணக்கில அனுப்புது?

---

நேர்கோடு

மொனிட்டர் தன்னைப் பற்றிய விவரத்தை 128 பைட்டில் வைத்திருக்கும். அதன் பெயர் ஈடிஐடி. பட்டறை நானா சொன்ன 12ஆம் 15ஆம் ஊசிகள் வழியாகக் கணினி அதைப் படிக்கிறது. படித்தால் மொனிட்டர் விரும்பும் நேரக்கணக்கையே அனுப்பும். படிக்க முடியாவிட்டால் டிரைவர் தானாக ஒன்றைக் கணக்கிடும், அல்லது எந்த மொனிட்டருக்கும் ஒத்துப்போகும் சிறிய அளவுக்கு இறங்கும். பழைய கேவிஎம் சுவிட்சுகள் பல இந்த விவரத்தை அந்த நேரத்தில் தெரிவாகியுள்ள கணினிக்கு மட்டும் கொடுக்கும், சில யாருக்குமே கொடுக்காது. நீங்கள் பழசில் வேலை செய்யும்போது புதுசு ரீஸ்டார்ட் ஆனால் அதற்கு மொனிட்டரே தெரியாது. 1024 × 768 வருவது அதனால். அப்படி வரும் நேரத்தில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள், 'ஜெனரிக் நொன்-பிஎன்பி மொனிட்டர்', அதாவது அடையாளம் தெரியாத மொனிட்டர், என்று இருக்கும்.

இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய கணினியை 75 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் 'அட்வான்ஸ்ட்', அதில் 'மொனிட்டர்'. அப்போது வரி வேகம் 80 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடும். மொனிட்டர் அதை வேறொரு மோட் என்று பிரித்துத் தனி நினைவிடம் கொடுக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஓட்டோ அமத்தினால் போதும். 1280 × 1024 மொனிட்டர்களில் பல 75ஐ ஏற்கும். ஆனால் கேபிளில் ஓடும் வேகம் 108 மெகாஹெர்ட்ஸிலிருந்து 135க்கு ஏறும். பழைய சுவிட்ச் தாங்காவிட்டால் எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் விழும்.

---

தெகிவளைத் தென்றல்

ஒரு கேள்வி. மொனிட்டரின் பின்பக்கம் விஜிஏ தவிர வேறு என்ன சொக்கெட் இருக்கு?

---

எழுத்துக்கோப்பு

75க்கு மாத்தினன். நகரேல்லை! இரண்டும் அதது இடத்தில நிக்குது. ஆனால் சேர் சொன்ன நிழல் லேசா இருக்கு.

தென்றல், பின்னால நீலச் சொக்கெட் ஒண்டு, பக்கத்தில வெள்ளையா நீளமா ஒண்டு. அதுக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டிருக்கு. வாங்கின நாளில இருந்து நான் திறக்கேல்லை.

---

தெகிவளைத் தென்றல்

அந்த வெள்ளை டிவிஐ, டிஜிட்டல் படத்துக்கான சொக்கெட்! இந்த மொனிட்டருக்கு இரண்டு வாசல், நீங்கள் இவ்வளவு காலமும் ஒன்றால்தான் போய்வந்திருக்கிறீர்கள்.

மினி பிசியின் எச்டிஎம்ஐயிலிருந்து மொனிட்டரின் டிவிஐக்கு நேரே ஒரு கேபிள். ஒரு முனை எச்டிஎம்ஐ, மறுமுனை டிவிஐ-டி, இடையில் எந்தப் பெட்டியும் வேண்டாம். இரண்டிலும் படத்துக்கான சிக்னல் ஒரே வகை, ஊசிகளின் அமைப்பு மட்டும்தான் வேறு. டிஜிட்டல் என்பதால் ஓட்டோ, நகர்த்தல் என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் எண்ணாக வருகிறது. பழைய கணினியை விஜிஏயில் நேரே குத்துங்கள். மொனிட்டரில் உள்ள 'சோர்ஸ்' பொத்தானால் மாற்றலாம். கீபோர்டுக்கும் மௌசுக்கும் மட்டும் ஒரு சின்ன யூஎஸ்பி சுவிட்ச் போதும், அதில் படம் போகாது.

வாங்கும்போது கவனம்: எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றுவது ஒன்று, விஜிஏயிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது வேறொன்று. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, திசை மாறினால் வேலை செய்யாது. உங்களுக்கு வேண்டியது அவை இரண்டும் இல்லை, வெறும் கேபிள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கேட்டால் கிடைக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் பார்க்கலாம்.

---

மருதானைப் பட்டறை

சரியான பேச்சு. ஒண்டு மட்டும் சேத்துச் சொல்றன். ரெண்டு பெட்டியும் மொனிட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன்ல ஈக்கட்டும். வேற வேற சுவர்ப் பிளக்ல குத்தினா எர்த் வித்தியாசத்தால விஜிஏ படத்துல மெல்லிசா ஒரு பட்டை ஓடும். அத மொனிட்டர் பழுதெண்டு எத்தினையோ பேர் எங்கிட்ட தூக்கிட்டு வந்திருக்காங்க.

---

எழுத்துக்கோப்பு

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை பின்னேரம் பம்பலப்பிட்டிக்கு நடந்துபோய் கேபிளும் யூஎஸ்பி சுவிட்சும் வாங்கிவந்து, இரவே மாத்திப்போட்டன்.

புதுசு டிவிஐயில வந்த உடன நான் கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கொண்டே இருந்தன். 'ழ'வின்ர கால் வளைவு, 'ண'வின்ர மூண்டு சுழி, எல்லாம் தனித்தனியா. இதே திரைதான், இவ்வளவு நாளும் இது தனக்குள்ள இந்தத் தெளிவை வைச்சுக்கொண்டு இருந்திருக்கு.

பழசை விஜிஏயில நேரா குத்தினன். சுவிட்ச் இல்லாததால அது மொனிட்டரின்ர விவரத்தைப் படிச்சிட்டுது போல: இப்ப மெனுவில 64.0 காட்டுது. 60 ஹெர்ட்ஸுக்கே திருப்பி விட்டன், நிழல் இல்லை. சேர் சொன்ன 2 × 2 வோல்பேப்பரைப் போட்டு ஓட்டோ அமத்தினன். பட்டை ஒண்டும் இல்லை, ஆனால் முழுத் திரையும் லேசா நடுங்கிச்சு. மெனுவில 'ஃபேஸ்' எண்டதை (துண்டின்ர எந்த இடத்தில அளவெடுக்கிறது எண்டதை) ஒவ்வொண்டாக் கூட்டிக்கொண்டு போக, ஒரு இடத்தில நடுக்கம் நிண்டு ஒரே சாம்பலா அமைதியாச்சு. அதில விட்டிட்டன்.

ஒரு தொல்லை மட்டும் வந்தது. ஒரு கொம்பியூட்டர் ஸ்லீப்புக்குப் போனால் மொனிட்டர் தானா மற்றதுக்குத் தாவிச்சு. மெனுவில 'ஓட்டோ சோர்ஸ்' எண்டு இருந்ததை நிப்பாட்டினன், இப்ப நான் அமத்தினால் மட்டும் மாறுது.

அந்தக் கவிதை நூலின்ர கோப்பைத் திறந்து முதல் பக்கத்தில இருந்து திரும்பப் பாத்தன். அச்சான இரண்டு பிழையை விட இன்னும் ஒண்டு இருந்தது, 43ஆம் பக்கத்தில. மூண்டையும் திருத்தி வைச்சிட்டன். எழுதினவரிட்டை நாளைக்குக் கதைக்கப்போறன்.

---

மலையருவி (கிராண்ட்பாஸ்)

ரொம்ப சந்தோசம் அக்கா. நம்ம வீட்டு மொனிட்டர்ல எச்டிஎம்ஐ ஒன்னுதான், வேற சொக்கெட்டே இல்ல. ஒபீஸ் லப்டொப்பும் வீட்டு மெசினும் ரெண்டும் எச்டிஎம்ஐ. மாத்தி மாத்திக் குத்துனதுல சொக்கெட் ஆட ஆரம்பிச்சிருச்சு. எச்டிஎம்ஐ கேவிஎம் வாங்கினா இந்த மாதிரி பிரச்சினை வருமா?

---

நேர்கோடு

படம் நகராது, மங்காது. ஆனால் ஈடிஐடி பிரச்சினை அதிலும் உண்டு. சுவிட்சை மாற்றியதும் மற்றக் கணினி மொனிட்டரைக் கழற்றிவிட்டதாக நினைத்து, திறந்திருக்கும் ஜன்னல்களைக் குவித்து, அளவையும் மாற்றிவிடும். ஆகவே ஈடிஐடி எமுலேஷன் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அதில் தெரிவாகாத கணினிக்கும் மொனிட்டர் இருப்பதுபோலவே சுவிட்ச் விவரம் கொடுத்துக்கொண்டிருக்கும்.

முடிந்தால் லப்டொப்பைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். சுவிட்சில் அதைக் குத்தி, மற்றப் பக்கத்துக்கு மாற்றிவிட்டு, அந்த நிலையிலேயே லப்டொப்பை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அது முழுதாக எழும்பிய பிறகு திரும்ப மாற்றிப் பாருங்கள். முந்திய அளவிலேயே படம் வந்தால் வாங்கலாம்.